சம்பளம்தான் வேலை

"நகராட்சிக்கு வர்ற காசுல முக்காவாசி சம்பளத்துக்கும் பென்சனுக்குமே போயிருது. பெறகு ஊரு எங்கிட்டு முன்னேறும்?" வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நிற்பவர் இதைச் சொல்கிறார். ராஜபாளையத்தில் மில் வைத்திருப்பவர் சொல்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்காரர் சொல்கிறார். பட்ஜெட் போடும் மாதத்தில் பத்திரிகைகளும் கொஞ்சம் நாகரிகமான தமிழில் இதையே எழுதுகின்றன. ஆளுங்கட்சிக் கவுன்சிலரும் எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் சண்டை போடாமல் ஒத்துப்போகிற அபூர்வமான விஷயம் இது. சம்பளம் என்றால் வெட்டிச் செலவு; ரோடு, கட்டடம், ஆர்ச், பூங்கா என்றால் வளர்ச்சி. முதலாவதைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டுகிறவர் நல்ல நிர்வாகி.

இந்தக் கணக்கு அடியோடு தப்பு என்பது என் கட்சி. நம் ஊர்களின் குடிநீரும் சாக்கடையும் குப்பையும் இன்று இருக்கும் நிலைக்குப் பணப் பற்றாக்குறை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இருக்கிற பணத்தை எதற்கு முதலில் ஒதுக்க வேண்டும் என்பதில் நமக்குள்ள இந்தக் கோணல் புத்தி.

ஒரு நகராட்சி என்ன செய்கிறது என்று தெரிய விடியற்காலையில் தெருவுக்கு வந்து பார்த்தால் போதும். முறை வைத்து ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திறந்து தண்ணீர் விடுகிறவர் சைக்கிளில் போகிறார். தூய்மைப் பணியாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஒருவர் கொசு மருந்துடன் வீடு வீடாகப் புகுந்து தொட்டியில் புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். எரியாத தெருவிளக்கை மாற்ற ஒருவர் ஏறுகிறார். அலுவலகத்தில் ஒருவர் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்கிறார். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கென 12ஆவது அட்டவணையில் 18 பொறுப்புகளை எழுதி வைத்திருக்கிறது. குடிநீர், பொதுச் சுகாதாரம், குப்பை, தெருவிளக்கு, சுடுகாடு, இடுகாடு, ஆட்டுத்தொட்டி என்று போகும் அந்தப் பட்டியலில் ஒருமுறை கட்டி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கக்கூடிய பொறுப்பு எது? சுடுகாட்டுக்குக்கூட ஆள் வேண்டும்.

ஆக, அந்த ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளம் வேலைக்கு மேல் விழுகிற செலவு என்று எப்படிச் சொல்வது? அதுதானே வேலை! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சம்பளத்தை 'நிர்வாகச் செலவு' என்று தள்ளிவிட்டு, காம்பவுண்டுச் சுவரை மட்டும் 'கல்விச் செலவு' என்று யாரும் சொல்வதில்லை. நகராட்சி விஷயத்தில் மட்டும் சொல்கிறோம், கூசாமல் சொல்கிறோம்.

"நகராட்சியை ஒரு மில்லு மாதிரி நடத்தணும்" என்பது ராஜபாளையத்தில் அடிக்கடி காதில் விழும் யோசனை. தாராளமாக நடத்தலாம். நூற்பாலையில் ஃபிட்டரும் ஆயில்மேனும் ஓவர்ஹாலிங் ஆட்களும் இல்லாமல் எத்தனை நாள் நூல் வரும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புது ரிங் ஃபிரேம் வாங்க வங்கிக் கடன் கிடைக்கிறது என்பதற்காக, ஏற்கெனவே ஓடும் ஃபிரேமுக்கு எண்ணெய் விடும் ஆளை நிறுத்திய முதலாளி உண்டா? உண்டென்றால் அவர் மில் இப்போது ஓடாது. அப்படிப்பட்டவர்களே நகராட்சிக்கு வந்ததும் ஆளைக் குறை, புதுசு கட்டு என்கிறார்கள்.

ராஜபாளையத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 1,30,000 பேர், 42 வார்டுகள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கம்தான் இந்த ஊருக்கு வெகுகாலமாகத் தண்ணீர் தந்தது. மழை பொய்த்தால் ஊர் தவிக்கும். அதற்குத் தீர்வாகத் தாமிரபரணி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கூடவே பாதாளச் சாக்கடை வந்தது. ரயில் தண்டவாளம் ஊரைக் குறுக்கே வெட்டுவதால் மேம்பாலமும் வந்தது. மூன்றும் வேண்டிய வேலைகள்தான், நான் மறுக்கவில்லை. பல வருடங்களுக்கு ஊரே தோண்டிப் போட்ட குழியாகக் கிடந்ததையும் மறந்துவிடுவோம்; தாங்கிக்கொண்டவர்களுக்கு அது மறக்காது, அது வேறு விஷயம்.

கேள்வி அதற்குப் பிறகு வருவது. மலைத் தண்ணீர் சரிவைப் பார்த்து இறங்கி வரும். தாமிரபரணித் தண்ணீரை நெல்லைச் சீமையிலிருந்து மோட்டார் வைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு நாளும் கரண்ட் செலவு. கூட்டுக் குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியம் ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று உள்ளாட்சிகளிடம் கணக்குப் பார்த்து வாங்குகிறது. பாதாளச் சாக்கடை அதைவிடப் பெரிய வாய். வீடுகளிலிருந்து வருவதை உந்து நிலையங்கள் இரவு பகலாகத் தள்ள வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூதிகள் நிற்காமல் ஓட வேண்டும், அடைப்பு எடுக்கும் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். திறப்பு விழாவன்று கல்வெட்டில் போடுவது கட்டிய செலவை மட்டும். ஓட்டும் செலவு எந்தக் கல்வெட்டிலும் ஏறியதில்லை.

ஓட்டாமல் விட்டால் என்ன ஆகும்? தண்ணீர்க் குழாய் என்றால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். சாக்கடை என்றால் அடைப்பை எடுக்க ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்குவார்கள். மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. அப்படியும் சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாடு இந்தச் சாவுகளில் பின்வரிசையில் இருக்கும் மாநிலமும் இல்லை. இயந்திரத்துக்கும் பயிற்சி பெற்ற ஆளுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய பணத்தைச் 'சிக்கனம்' செய்தால், அந்தக் கணக்கு கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் தீர்க்கப்படுகிறது. அந்த வீடு பெரும்பாலும் எந்தத் தெருவில் இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

சரி, ரோடு? "ஜனங்க கேக்குறதே ரோடுதான்" என்று கவுன்சிலர்கள் சொல்வது பொய்யில்லை. ரோடு வேண்டும்தான். நம்மூரில் ரோடு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. அதன் மேல் இன்னொன்று. வீட்டு வாசல்படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் இறங்கி, மழை பெய்தால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். சுரண்டுகிறார்களா என்று மேற்பார்வை பார்க்க ஓவர்சியர் வேண்டுமா, வேண்டாமா? அந்த ஓவர்சியரின் சம்பளம் 'வெட்டிச் செலவு'ப் பக்கத்தில் இருக்கிறது. அவர் இல்லாமல் போட்டு ஒரே மழையில் பெயர்ந்துபோகும் ரோடு 'வளர்ச்சி'ப் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கோணலுக்கு டீக்கடையை மட்டும் குறை சொல்ல முடியாது. மேலே இருக்கிறவர்களே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குமாக நகர உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. பத்து லட்சம் பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு இதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்தை ஊரின் விருப்பம்போல் செலவிடலாம் என்றது. ஆனால் அதிலிருந்து சம்பளமோ அலுவலகச் செலவோ கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை! 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் குழாய் பதிக்க, தொட்டி கட்ட டெல்லி பங்கு தரும். ஒரு லட்சம் பேருக்குக் குறைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி ஊருக்குப் பாதி, ராஜபாளையம் மாதிரி ஊருக்கு மூன்றில் ஒன்று. கட்டப் பணம் மேலிருந்து இறங்குகிறது, ஓட்டும் பணத்தை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியப்பா யானையைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, தீனி உங்கள் பாடு என்று போனால் எப்படியோ அப்படி.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. பேச்சில் எல்லோரும் சொல்வது, எழுத்தில் யாரும் சொல்லாதது. புதுக் கட்டடத்துக்கு டெண்டர் உண்டு. டெண்டருக்குப் பின்னால் சதவீதம் உண்டு என்பது தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த பேச்சு. வால்வு திறப்பவரின் மாதச் சம்பளத்தில் யாருக்கும் சதவீதம் கிடையாது. திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது, போட்டோ கிடையாது. பத்து வருடமாக ஒரு மோட்டார் பழுதாகாமல் ஓடியதற்கு மாலை போட்டதை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

புதிதாகக் காட்டுவதையும் பழையதைப் பராமரிப்பதையும் ஒன்றாகக் குழப்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு குஜராத்தின் மோர்பி இருக்கிறது. அதுவும் அப்போது பெருநகரம் இல்லை, நகராட்சிதான். மச்சு ஆற்றின் மேலிருந்த பழைய தொங்கு பாலத்தைப் பராமரிக்கும் வேலையை நகராட்சி தன் தலையிலிருந்து இறக்கி, கடிகாரம் செய்வதில் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2022 அக்டோபர் 26 அன்று பாலம் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. நாலாம் நாள், 30ஆம் தேதி மாலை, அறுந்து விழுந்தது. 135 பேர் செத்தார்கள். பிறகு விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது, பாலத்தைத் தாங்கிய ஒரு வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்துப் போயிருந்தன என்று. நடைதளத்தை மாற்றியிருந்தார்கள், வடத்தை மாற்றவில்லை. மறு வருடம் அந்த நகராட்சியையே கலைத்தார்கள். வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வெளியே போவதில்லை என்பது அப்போது தெரிந்தது, 135 பேருக்குப் பிறகு.

கொழும்பு நமக்கு இன்னும் பக்கம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்ததாகக் கணக்கு. அதே நகரத்தின் கடற்கரையில் அதே வருடத்தில் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. பணம் இல்லாத ஊர் என்று அதைச் சொல்ல முடியுமா?

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் உண்மை உண்டு. "சம்பளம் வாங்குறவன் ஒழுங்கா வேலை பார்த்தா நாங்க ஏன் பேசப்போறோம்? கையெழுத்துப் போட்டுட்டு டீக்கடையில நிக்கிறான். பேரு ஒருத்தன், வேலை பாக்குறது இன்னொருத்தன்." இதெல்லாம் நடக்கிறது. கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லி வாதாட நான் வக்கீல் இல்லை. ஆனால் வேலை செய்யாதவரை வேலை வாங்குவதுதானே இதற்கு மருந்து? பணியிடத்தையே ஒழிப்பது எப்படி மருந்தாகும்? மேஸ்திரி சரியில்லை என்றால் மேஸ்திரியை மாற்றுங்கள். மாமூல் வாங்கும் பில் கலெக்டர் மேல் நடவடிக்கை எடுங்கள். ரோடு காண்ட்ராக்டர் மோசடி செய்தால் "இனி ரோடே வேண்டாம்" என்று யாரும் சொல்வதில்லை. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் மட்டம் போட்டால் மட்டும் துப்புரவுத் துறையையே தனியாருக்குக் கொடு என்கிறோம்.

கொடுத்துத்தான் பார்த்தோமே. ஒப்பந்த முறை வந்தபோது சொன்ன காரணம் சிக்கனம். நடந்தது என்ன? சம்பளத் தலைப்பில் இருந்த பணம் ஒப்பந்தத் தலைப்புக்கு மாறியது, பட்ஜெட் புத்தகத்தில் 'நிர்வாகச் செலவு' இளைத்துக் காட்டியது. தெருவைக் கூட்டுகிறவர் கைக்குப் போவது குறைந்தது. ஒப்பந்தக்காரர் பிடித்த வைப்புநிதி கட்டப்பட்டதா, ஈஎஸ்ஐ அட்டை எங்கே என்று கேட்டு அவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பது எந்த மாவட்டத்துச் செய்திப் பக்கத்திலும் புதிதில்லை. சென்னையில் 2025 ஆகஸ்டில் இரண்டு மண்டலங்களின் துப்புரவைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தவர்களை நடுராத்திரியில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அவர்கள் கேட்டது, பார்த்துவந்த வேலையை மாநகராட்சியின் கீழேயே நிரந்தரமாகப் பார்க்க வேண்டும் என்பது. கொரோனா காலத்தில் நாம் கைதட்டி, காலில் பூத்தூவி 'முன்களப் பணியாளர்' என்று அழைத்தவர்களும் அவர்கள்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து, கூட்டம் ஊர் திரும்பிய இரவை ஒருமுறை பார்க்க வேண்டும். ரத வீதிகளில் கிடக்கும் இலையும் டம்ளரும் செருப்பும் விடிவதற்குள் காணாமல் போகின்றன. கோபுரம் அரசு முத்திரையில் இருக்கிறது என்று பெருமைப்படுகிற ஊர், அந்தக் கோபுரத்தடியை விடியுமுன் கூட்டியவர்களின் சம்பளத்தை வெட்டிச் செலவு என்று எந்த வாயால் சொல்லும்?

வன்னியம்பட்டி மாதிரி இரண்டு நகராட்சிகளுக்கு நடுவே ரோட்டோரம் இருக்கிற ஊருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்புகள் வந்ததிலிருந்து, நகரத்தை ஒட்டிய எல்லாக் கிராமத்திலும் இரண்டு கட்சி. சேர்ந்தால் ரோடும் விளக்கும் வரும் என்று ஒன்று. வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று இன்னொன்று. இரண்டு கட்சியும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: சேர்ந்தபின் இந்தத் தெருக்களுக்கு எத்தனை தூய்மைப் பணியாளர் வருவார்கள், டேங்க் ஆபரேட்டர் யார்? ஊராட்சியில் இன்று குப்பை வாங்க வருகிற தூய்மைக் காவலருக்கு மாதம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ஆனது. நாள் கணக்கில் பிரித்தால் இருநூறு ரூபாய்கூட வராது. அந்தப் பணத்துக்கு ஒரு ஊரின் சுத்தத்தை எதிர்பார்க்கிறோம். எல்லை விரிந்து, வார்டு கூடி, ஆள் கூடாமல் போனால் நகராட்சியாவதில் பெயர்ப் பலகையும் ரசீதும்தான் மாறும். இதே ரோட்டில் 'ராஜபாளையத்தை மாநகராட்சியாக்கு' என்று கேட்பவர்களுக்கும் இது பொருந்தும்.

"அப்போ பணத்துக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. ரிசர்வ் வங்கி 2022 நவம்பரில் வெளியிட்ட நகராட்சி நிதி அறிக்கைப்படி, இந்திய நகர உள்ளாட்சிகளின் வரவு செலவு பத்து வருடத்துக்கும் மேலாக நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பிரேசிலில் 7.4, தென்னாப்பிரிக்காவில் 6. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. இந்தப் பங்கு அதிகமாக வேண்டும். மத்திய நிதிக்குழுவின் 'சம்பளத்துக்குத் தொடாதே' நிபந்தனை போக வேண்டும், குறைந்தது தூய்மைப் பணிக்கும் குடிநீர் ஊழியருக்குமாவது தளர்த்த வேண்டும். நம் பங்கும் உண்டு. 2022 ஏப்ரலில் வீட்டு வரி ஏறியது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800க்கு மேல் 100 சதவீதம். கூச்சல் போட்டோம். அந்தக் கூடுதல் பணத்தில் எத்தனை ஆள் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரி கட்டுகிறவரும் தெருவைக் கூட்டுகிறவரும் ஒரே பக்கம் நின்றிருக்கலாம்.

கேட்பதற்கு இப்போது இடமும் இருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்கள் பட்ஜெட் போட்டார்கள். 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்று ஒன்று நடக்கிறது. போய் உட்கார்ந்தால் "எங்க தெருவுக்கு பேவர் பிளாக் வேணும்" என்ற கோரிக்கைதான் அதிகம் கேட்கும். அதைக் கேட்கட்டும். கூடவே ஒன்றைக் கேட்கச் சொல்கிறேன். நகராட்சி மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு புதுத் திட்டத் தீர்மானத்திலும் மதிப்பீட்டுத் தொகைக்குக் கீழே இன்னும் மூன்று தகவல் இருக்க வேண்டும்: வருடம் ஓட்ட எவ்வளவு ஆகும், எத்தனை ஆள் வேண்டும், அந்தச் சம்பளம் எந்த நிதியிலிருந்து வரும். வருவாய் நிதியா, குடிநீர் வடிகால் நிதியா என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். ராஜபாளையத்தில் 42 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 33 பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் முதலில் யார் இதைக் கொண்டுவருகிறார் என்று பார்ப்போம். கொண்டுவருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அடுத்த தேர்தலில் அவர் வார்டில் ஆர்ச் இல்லை என்று யாராவது குறை சொன்னால் பதில் சொல்ல நான் தயார்.